ஐந்து படங்களும் ஐந்து மாலைகளும்

எண்பதுகளின் நடுவில் நான் சுவிஸில், இன்டர்லாக்கனில் ஒரு ஹோட்டல் குசினியில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். கூட வேலை செய்தவரை அண்ணை என்று கூப்பிடுவேன். சொந்த அண்ணன் இல்லை. யாழ்ப்பாணத்தில் பக்கத்து ஊர், என்னைவிடப் பன்னிரண்டு வயது மூப்பு. ஹோட்டலின் மேல்மாடியில் இருவருக்கும் ஒரே அறை. அதனால் அவருக்கு வரும் கடிதங்கள் எனக்கும் வந்த மாதிரித்தான்.

அந்த வருடம் வைகாசியில் அவருடைய தாயாரின் கடிதம் வந்தது. அண்ணையின் தம்பி ஒருநாள் காலை யாழ்ப்பாண ரவுணுக்குப் போனவன், திரும்பவில்லை. இரண்டு வருடமாகத் தேடாத இடமில்லை. "சனம் எல்லாம் அவன் இல்லை எண்டுதான் சொல்லுது. படத்துக்குச் சட்டம் போட்டு வைச்சிருக்கிறன். மாலையைப் போட்டுக் காரியத்தைச் செய்யிறதோ, விடுறதோ? மூத்தவன் நீதான் சொல்லவேணும்" என்று எழுதியிருந்தார். எங்கள் வீடுகளில் படத்துக்கு மாலை விழுந்தால் ஆள் போய்விட்டார் என்று அர்த்தம். அதற்குப் பிறகு அவருக்காக யாரும் கதவைத் திறந்து வைப்பதில்லை.

அண்ணை ஆறு கிழமையாகப் பதில் போடவில்லை. கேட்டால், "எழுதுவம், எழுதுவம்" என்பார். எனக்கு விசர் பிடிக்கும். அங்கே ஒரு தாய் தபால்காரனைப் பார்த்துக்கொண்டு இருக்கிறா, இந்த மனுசன் கரட் சீவிக்கொண்டு இருக்கிறார்!

ஆடி மாதம் அமெரிக்கச் சயிக்கிள் சங்கம் ஒன்று வந்து இறங்கியது. நாற்பது பேர், முக்கால்வாசிப் பேர் தலை நரைத்தவர்கள். பகல் முழுக்க மலைக் கணவாய்களில் சயிக்கிள் மிதித்துவிட்டு, பின்னேரம் வந்து மூன்று ஆளின் சாப்பாட்டைச் சாப்பிடுவார்கள். ஐரோப்பியப் பந்தயங்களில் அமெரிக்கர்கள் தலைகாட்டத் தொடங்கியிருந்த காலம் அது. அந்தச் சந்தோசப் புளுகத்தில், தங்கள் நாட்டுச் சயிக்கிள் ஓட்டத்துக்கு உழைத்த ஐந்து பேரைப் பயணத்தின் கடைசி ஞாயிறு மத்தியான விருந்தில் கௌரவிப்பதாக ஏற்பாடு. ஐந்து பெரிய படங்களை அட்டைப் பெட்டியில் கட்டிக் கொண்டுவந்திருந்தார்கள். மரப்பலகை வட்டப் பாதையில் ஆறு நாள் தொடர்ந்து சயிக்கிள் ஓடிய பந்தயக்காரர் இருவர். பெண்கள் ஓடக்கூடாது என்ற காலத்தில் ஓடிக்காட்டிய ஒரு பெண். நாற்பது வருடம் தனியாளாக ஒரு சயிக்கிள் பத்திரிகை அச்சடித்த ஒருவர். கடைசிப் படத்தில் இருந்தவர் ஒரு பந்தயமும் ஓடாதவர். ஓடியவர்களின் சயிக்கிளுக்குக் கம்பி பூட்டிச் சில்லுக் கட்டிக் கொடுத்தவர்.

இதெல்லாம் பிறகு தெரிந்த விபரம். விருந்தன்று காலை எங்களுக்குத் தெரிந்தது ஐந்து படங்கள் மட்டும். முதலாளியம்மா படங்களை மண்டபத்து மேசையில் வைக்கச் சொன்னார், முதல்நாள் கலியாணத்தில் மிஞ்சிய பூக்களைக் காட்டினார், "ஷோன் மாஹென்" என்றார். வடிவாகச் செய்யுங்கள், அவ்வளவுதான். சொல்லிவிட்டு ஸ்ரேசனுக்குப் போய்விட்டார்.

அண்ணை குசினியில் இறைச்சி கட்டுகிற நூலையும் கோழி தைக்கிற ஊசியையும் எடுத்து வந்தார். அரை மணித்தியாலத்தில் ஐந்து மாலை. சிவப்புக் கார்னேசனும் வெள்ளைப் பூவும் மாறி மாறி, கோயில் மாலை தோற்றுப்போகும். ஐந்து படங்களுக்கும் போட்டார். ஒவ்வொன்றுக்கும் முன்னால் கோப்பித் தட்டில் ஒரு மெழுகுவர்த்தி. மேலே ஓடிப்போய்த் தன்னுடைய ஊதுபத்தியையும் கொண்டுவந்தார்.

"அண்ணை, இவை எல்லாரும் செத்தவையோ?" என்று கேட்டேன்.

"பின்னை? உயிரோடை இருக்கிற ஆளுக்குப் படம் என்னத்துக்கடா? ஆளே வந்து நிக்குமெல்லே!"

எனக்கும் அது சரியாகப் பட்டது. தம்பியின் படத்துக்கு ஒரு சொல் சொல்லமுடியாத மனிதர், முகம் தெரியாத ஐந்து பேருக்கு இவ்வளவு சுகமாக மாலை போடுகிறாரே என்றும் நினைத்தேன்.

சமையல் செஃப் எட்டிப் பார்த்தார். அமெரிக்க வழக்கமாக்கும் என்று போய்விட்டார். அமெரிக்கர்கள் வந்தார்கள், சுவிஸ் வழக்கமாக்கும் என்று படம் எடுத்தார்கள். இறந்த பந்தயக்காரர் ஒருவரின் மகள் மாலையைத் தொட்டுப் பார்த்து அழுதார். எல்லாம் நன்றாகத்தான் போனது.

நாங்கள் இருவரும் சூப் கொண்டு போனபோது மண்டபமே எழும்பி நின்று கை தட்டியது. வாசலில் ஒரு கிழவர். ஒல்லி, நீலச் சட்டை, ஏரிக்கரையில் நடந்துவிட்டுப் பிந்தி வருகிறார். நேராக ஐந்தாவது படத்துக்கு முன்னால் போய் நின்றார். அதே மூக்கு, அதே பெரிய காது.

"ஐயோ முருகா, ஆள் இருக்கடா!" என்றார் அண்ணை. சூப் அவருடைய கையில் வழிந்தது.

கிழவர் மாலையைப் பார்த்தார், மெழுகுவர்த்தியைப் பார்த்தார், ஊதுபத்தியை மணந்து பார்த்தார். இது யார் செய்தது என்று கேட்டார். சங்கத் தலைவர் எங்களைக் காட்டினார். பள்ளிக்கூட இங்கிலீசு எனக்குத்தான் தெரியும். பொய் ஒன்று யோசிக்க நேரமும் இல்லை. எங்களிடம் இப்படிச் செய்வது இறந்தவர்களுக்கு, மன்னிக்கவேண்டும் என்றேன்.

கிழவர் சிரித்தார். இருமல் வரும்வரை சிரித்தார். "எனக்கு எழுபத்தொன்பது. கொஞ்சம் முந்திவிட்டார், அவ்வளவுதான் என்று உன்னுடைய ஆளிடம் சொல்" என்றார்.

நான் சொன்னேன். அண்ணை சிரிக்கவில்லை. போய் மெழுகுவர்த்தியை விரலால் நசுக்கி அணைத்தார். படத்திலிருந்து மாலையைக் கழற்றினார். கிழவர் தலையைக் குனிந்து காட்ட, அந்த மாலையை அவருடைய கழுத்திலேயே போட்டுவிட்டார். மண்டபம் மறுபடி கை தட்டியது. கிழவர் மாலையோடு நின்று பேசினார். சில்லுக் கட்டுகிறவனை யாருக்கும் தெரியாது, சில்லு உடைந்தால் மட்டும் எல்லோருக்கும் தெரியும் என்றார். அண்ணை அதைக் கேட்கவில்லை. கிழவரின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

கோப்பைகள் கழுவி முடிந்ததும், பின்கதவடியில் உருளைக்கிழங்குப் பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப்போட்டு அதில் குந்தியிருந்து தாயாருக்குக் கடிதம் எழுதினார். ஆறு கிழமை எழுதாத மனிதர் இரண்டு நிமிடத்தில் முடித்து என்னிடம் நீட்டினார்.

"அம்மா, மாலை போடவேண்டாம். ஆள் வரும்."

அண்ணை, இது வேறு, அது வேறு. அந்தக் கிழவன் ஏரிக்கரையில் உலாவிவிட்டு வந்தவன், தம்பி அப்படி இல்லை என்று சொல்ல வாய் வரை வந்தது. ஆனால் ஆறு கிழமைக்குப் பிறகு அன்றுதான் அவருடைய முகத்தில் ஒரு வெளிச்சம் கண்டேன். கடிதத்தை வாங்கி, முத்திரை ஒட்டி, நானே கொண்டுபோய்த் தபாலில் போட்டேன்.

தம்பி வரவில்லை. தாயார் பதினொரு வருடம் இரவில் ஒரு ஆளின் சோற்றை மூடி வைத்துவிட்டுப் படுத்தார் என்று ஊரிலிருந்து வந்தவர்கள் சொன்னார்கள். அப்படியே காலமானார்.

அண்ணை இப்போதும் சுவிஸில்தான், எம்மன்புரூக்கே என்ற ஊரில் இருக்கிறார். அவருக்கு வயது எழுபத்தொன்பதைத் தாண்டிவிட்டது. தாயாரின் திவசத்தன்று வருடாவருடம் எனக்குப் போன் எடுப்பார். சுகம் விசாரிப்பார். பிறகு கேட்பார்.

"நான் எழுதினது பிழையோடா?"

"இல்லை அண்ணை" என்பேன். அந்தக் கடிதத்தைத் தபாலில் போட்டவன் நான் என்பதை அவர் ஒருநாளும் சொன்னதில்லை.