பல் போனால் சீட்டி போச்சு

எலுனெட்டுக்கு நாய் என்றாலே ஆகாது. வேல்ஸில் கல்குவாரி ஊர் ஒன்றில் பிறந்து, அண்ணன்மாரோடு அடித்துப் பிடித்து வளர்ந்தவள். மலைமேல் செம்மறி வளர்க்கிற மெய்ரிக்குக்கு வாழ்க்கைப்பட்டு வந்த அன்றே, "உன் நாய் என் அடுப்படி வாசலைத் தாண்டக் கூடாது" என்று சட்டம் போட்டுவிட்டாள். மெய்ரிக் தலையாட்டினான். நாய்தான் ஒப்பவில்லை. உடம்பை வெளியேயும் மூக்கை உள்ளேயும் வைத்துப் படுத்துக்கொண்டது. அதற்குப் பின் வந்த நாய்களும் அப்படியேதான் படுத்தன. இப்போதைய நாய் ஃபான், கறுப்பு வெள்ளைப் பெட்டை, மூக்கோடு முன்னங்கால்களையும் சேர்த்து உள்ளே வைத்துக்கொண்டது.

மெய்ரிக்கின் உயிர் ஆட்டுநாய்ப் பந்தயத்தில் இருந்தது. கோடை பிறந்தால் சனிக்கிழமைதோறும் ஏதாவதொரு பள்ளத்தாக்கில் பந்தயம். மேய்ப்பவர் கம்பத்தடியில் நிற்க வேண்டும். தூரத்துச் சரிவில் ஐந்து ஆடுகளை விடுவார்கள். சீட்டியடித்தே நாயை ஏவி, அவற்றை வழியில் நட்ட வேலி வாசல்களின் ஊடே நடத்தி வரவேண்டும். கடைசியில் மட்டும் அவர் கம்பத்தை விட்டு வந்து, பட்டிக் கதவின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஆடுகளை உள்ளே அடைக்கலாம். மெய்ரிக்கின் ஆடுகள் பட்டியைத் தவிர எல்லா இடத்துக்கும் போயின. ஒரு வருஷம் நடுவரின் காரைச் சுற்றி நின்றுகொண்டு அவரை இறங்கவிடவில்லை. கோப்பை எப்போதும் பக்கத்துப் பண்ணை எம்லின் வீட்டுக்கே போனது. எலுனெட்டோ அந்த நேரமெல்லாம் டீக் கூடாரத்தில் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருப்பாள். ஒரு ஓட்டத்தைக்கூட அவள் முழுசாகப் பார்த்ததில்லை.

அந்த வசந்தத்தில் மெய்ரிக்கின் பற்கள் மொத்தத்தையும் பிடுங்கிவிட்டு, புதுப் பல்செட் மாட்டினார்கள். பல் போனால் சொல் போச்சு என்பார்கள். மெய்ரிக்குக்குச் சொல் எங்கும் போகவில்லை, முன்னைவிடக் கூடத்தான் செய்தது. போனது சீட்டி.

அது போனது ஊருக்கே தெரிந்தது முதல் பந்தயத்தில். கம்பத்தடியில் நின்று மூச்சை இழுத்து அவன் ஊதியதும், மேல்வரிசைப் பற்கள் பறந்து போய்ப் புல்லுக்குள் விழுந்தன. ஃபான் நின்று, இது என்ன கட்டளை என்று யோசித்து, எதற்கும் இருக்கட்டும் என்று படுத்துவிட்டது. ஆடுகள் கல்சுவரைத் தாண்டி அடுத்த ஊருக்குக் கிளம்பின. மெய்ரிக் முழங்காலிட்டுப் புல்லைத் தடவினான்.

"ஏப்பா மெய்ரிக்!" கூட்டத்துக்காகக் கட்டிய கயிற்றுக்கு அந்தப் பக்கமிருந்து எம்லின் கத்தினான். "பாத்து எடுப்பா! ஆட்டுப் புழுக்கையையும் சேத்து மாட்டிக்காதே!"

அதன்பின் மெய்ரிக் பல்செட்டை மாட்டவேயில்லை. வாய்க்குள் வைத்து ஊதும் தகர ஊதலை வாங்கி வந்து முயன்று பார்த்தான். அது பொக்கைவாயில் நிற்காமல் தொண்டைக்கு வழுக்கியது. எலுனெட் அவன் முதுகில் நாலு குத்து விட்டு அதை வெளியே எடுத்தாள். அன்றிலிருந்து அவன் கணப்பின் முன்னால் உட்கார்ந்துகொண்டான்.

"ஃபானை வித்துடலாம். எம்லின் கேட்டான்."

"அவன் கேட்டா குடுத்துடுவியா? என்னைக் கேட்டாலும் குடுப்பியா?"

"உன்னைக் கேக்க மாட்டான். உன் கை ருசி அவனுக்குத் தெரியும்."

ஆட்டு மயிர் கத்தரிக்கும் காலம் வந்தது. மலைமேல் இருந்த மந்தையை இறக்கியாக வேண்டும். மெய்ரிக் பின்வாசலில் நின்று பொக்கைவாயால் கத்தினான். காற்று அவன் சொல்லை அவன் முகத்திலேயே திருப்பி அடித்தது. ஃபான் உச்சியில் நின்று, இந்த மனுஷனுக்கு என்ன வேண்டும் என்பதுபோல் பார்த்தது. பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த எலுனெட்டுக்குப் பொறுக்கவில்லை. ஈரக்கையோடு வெளியே வந்தாள். இரண்டு விரலை வாயில் வைத்தாள். அண்ணன்மாரிடம் கற்றது, அதற்காக அம்மாவிடம் வாங்கிய அடி கொஞ்சமல்ல.

ஒரு நீளச் சீட்டி. ஃபான் சட்டென்று படுத்தது. இரண்டு குட்டைச் சீட்டி. வலப்பக்கமாக வில்போல் வளைந்து ஓடியது. இழுத்து இறக்கிய சீட்டி. இடப்பக்கம். மலையே உருகி வழிவதுபோல் மந்தை கீழே இறங்கியது.

எலுனெட் விரலை எடுத்துவிட்டுத் திகைத்து நின்றாள். யாரும் அவளுக்கு இந்தக் கட்டளைகளைச் சொல்லித்தரவில்லை. இத்தனை வருஷமும் அடுப்படி ஜன்னல் வழியாக வந்து காதில் விழுந்தது, உள்ளே எங்கேயோ தங்கியிருந்திருக்கிறது. சிரிக்க வேண்டும்போல் இருந்தது.

"அது என் சீட்டியாச்சே!" என்றான் மெய்ரிக்.

"உன் வாயில இருந்தாத்தான் உன்னது. மடக்குறது எப்படின்னு சொல்லு, ஆடெல்லாம் என் கோஸ் பாத்திக்குள்ள போகுது!"

கோஸ் போயே போய்விட்டது. ஆனால் மறுநாளும் அவள் சீட்டியடித்தாள், அதற்கடுத்த நாளும். மெய்ரிக் பின்னால் நின்று, "இப்ப வலம்! ஐயோ, மெதுவா!" என்று கத்துவான். நாய் அவனைப் பார்க்கும், அவளைப் பார்க்கும், குழம்பி உட்கார்ந்துவிடும். கடைசியில் அவள் அவனை வீட்டுக்குள் வைத்துக் கதவைத் தாழிட்டுவிட்டுத்தான் பழகினாள்.

கோடை முடிகிற நேரத்தில் சொந்தப் பள்ளத்தாக்கின் பந்தயம். எலுனெட் பேர் கொடுத்திருந்தாள்.

"என்ன தாயி, நீ இங்க வந்துட்டா டீ யாரு ஊத்துறது?" என்றான் எம்லின்.

"உன் ஓட்டம்தான் முடிஞ்சுதே, சும்மாதானே நிக்கிறே. போய் ஊத்து."

கூட்டம் சிரித்தது. அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. கம்பத்தடிக்குப் போய், "போ" என்றாள். ஃபான் பள்ளத்தாக்கின் ஓரத்தோடு ஓடியது. அது தூரத்தில் ஒரு புள்ளியாகி ஆடுகளுக்குப் பின்னால் எழுந்தபோது, அந்தப் புள்ளிக்கும் தன் வாய்க்கும் நடுவே ஒரு நூல் கட்டியிருப்பதுபோல் எலுனெட்டுக்குத் தோன்றியது. இழுத்தால் வந்தது, தளர்த்தினால் நின்றது. முதல் வாசல் நேராக. இரண்டாவது கொஞ்சம் கோணல். ஆடுகள் பட்டியை நெருங்கின. அவள் ஓடிப்போய்க் கதவுக் கயிற்றைப் பிடித்தாள்.

ஒரு கிழட்டு ஆடு பட்டிக்கு முன்னால் நின்று காலைத் தரையில் உதைத்தது. உள்ளே வரமாட்டேன் என்றது. கூட்டத்தோடு கயிற்றுக்கு அப்பால் நின்ற மெய்ரிக் துள்ளினான். வெளியாள் ஒரு வார்த்தை சொன்னாலும் ஓட்டம் செல்லாது. அவன் வாய் திறந்தது. பக்கத்தில் நின்ற எம்லின், கையிலிருந்த பழரொட்டித் துண்டை அப்படியே அந்த வாய்க்குள் திணித்தான்.

"மென்னு தின்னுப்பா. உன்கிட்ட பல்லு இல்ல, நேரமாகும்."

எலுனெட் சீட்டியடிக்கவில்லை. மெல்ல, "ஃபான்" என்றாள், அவ்வளவுதான். ஃபான் வயிறு தரையில் உரச ஓரடி வைத்தது. கிழட்டு ஆடு நாயின் கண்ணைப் பார்த்தது, எலுனெட்டைப் பார்த்தது. பிறகு தானாகவே போக முடிவு செய்தவள்போல் தலையைத் தூக்கிக்கொண்டு உள்ளே நடந்தது. மற்றவை பின்னாலேயே போயின. அவள் கதவைச் சாத்தினாள்.

கோப்பை எம்லினுக்கே. எலுனெட் இரண்டாவது. நடுவர் கைகொடுத்தபோது அவள் ஃபானைத் தூக்கி இடுப்பில் வைத்திருந்தாள். எப்போது தூக்கினாள் என்று அவளுக்கே தெரியாது. நாய்க்கு வெட்கமாக இருந்தது.

திரும்பும்போது, ஆற்றுப்பாலத்தருகே மெய்ரிக், "ரெண்டாவது வாசல் கோணல்" என்றான்.

"தெரியும்."

"கிழடுகிட்ட அவசரப்படலே. அது நல்லாயிருந்துச்சு." இன்னும் கொஞ்ச தூரம் போனபின், "அடுத்த சனிக்கிழமை மலைக்கு அந்தப் பக்கம் ஒரு பந்தயம். உன் பேரைக் குடுத்துட்டேன்."

"என்னை ஒரு வார்த்தை கேட்டியா?"

"கேட்டா வேண்டாம்னுருப்பே."

"வேண்டாம்னுதான் சொல்லியிருப்பேன்" என்றாள் எலுனெட். "எத்தனை மணிக்குக் கிளம்பணும்?"