ஆற்றங்கரையில் ஒரு தீக்குச்சி

பழைய கதவு ஒன்றை இரண்டு பெஞ்சுகளின் மேல் படுக்கப் போட்டு, நான்கு பக்கமும் சட்டம் அடித்து, கடற்கரை மணலைக் கொட்டிப் பரப்பியிருந்தோம். அதுதான் எங்கள் போர்க்களம். காரைக்காலில் என் வீட்டு மாடி அறையில், எழுபதுகளின் பிற்பகுதியில், ஞாயிறுதோறும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அதைச் சுற்றி உட்காருவோம். தீப்பெட்டிகள் கோட்டைகள், தீக்குச்சிகள் படைவீரர்கள், நீல உல்லன் நூல் ஆறு. ஐரோப்பாவோ ஆசியாவோ, எந்த முற்றுகையானாலும் அந்த ஒரே நூலைத்தான் வளைத்துப் போட்டுக்கொள்வோம். எத்தனை தீக்குச்சிகள் செத்தன என்று கேட்டுக்கொண்டே வேர்க்கடலை தின்போம்.

நான் கல்லூரியில் வரலாறு நடத்திக்கொண்டிருந்தேன். முப்பத்தைந்து வயதுகூட ஆகவில்லை. என்னோடு சேர்ந்தவர்கள் ஒரு மருந்துக்கடைக்காரர், ஒரு வக்கீல். மருந்துக்கடைக்காரருக்குத் தளபதிகள் மேல் பைத்தியம். ஒவ்வொரு தளபதியையும் சொந்தச் சித்தப்பா மாதிரி பேசுவார். வக்கீலுக்கு யார் எதைச் சொன்னாலும் மறுக்க வேண்டும். எங்கள் மூவரில் ஒருவர்கூடத் துப்பாக்கியைக் கையால் தொட்டதில்லை.

தொட்டவர் நாலாவது ஆள். ஊரில் அவருக்குச் சொல்தா என்றுதான் பெயர். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து திரும்பியவர்கள் எல்லோரையும் எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். ஆனால் எங்கள் அறையில் சொல்தா என்றால் அவர் ஒருவர்தான். இந்தோசீனாவில், மலைகளுக்கு நடுவே தியென் பியென் பூ பள்ளத்தாக்கில் பிரெஞ்சுப் படை முற்றுகையிடப்பட்டுத் தோற்றபோது உள்ளே இருந்தவர். தோற்ற பிறகு கைதியாகப் பல வாரங்கள் காட்டில் நடந்து, எலும்பும் தோலுமாக ஊர் வந்து சேர்ந்தவர். மாதா கோயிலுக்குப் போகும் மனைவியோடு அரசலாற்றங்கரை ஓரம் சின்ன ஓட்டு வீட்டில் இருந்தார். ஆண்டுதோறும் பிரெஞ்சு தேசிய நாளான ஜூலை பதினான்காம் தேதி சொல்தாக்கள் எல்லோரும் பதக்கங்களைக் குத்திக்கொண்டு நினைவுத் தூணுக்கு ஊர்வலமாகப் போவார்கள். முன்னால் கொடி பிடித்துப் போகிறவர் அவர். அந்த முற்றுகையில் இருந்த ஆள் என்பதால் அந்த இடத்தை யாரும் கேட்டதில்லை.

எங்களோடு உட்காரும்போது அதிகம் பேசமாட்டார். கேட்டால் சொல்வார். விமானத்திலிருந்து விழும் பாராசூட் குடைகளின் நிறம், சாப்பாட்டுப் பெட்டி ஒன்று சேற்றில் விழுந்தால் அதற்காக நடந்த அடிதடி, குடைத்துணியைப் போர்த்திக்கொண்டு படுத்தது, ஆற்றுச் சத்தம். அந்தப் பள்ளத்தாக்கை மணலில் அமைத்த நாட்களில், தீப்பெட்டிகளை நாங்கள் இடம் மாற்றி மாற்றி வைக்க, அவர் கைகளை மடியில் வைத்துக்கொண்டு அந்த நீல நூலையே பார்த்துக்கொண்டிருப்பார். ஒருமுறை மருந்துக்கடைக்காரர் கேட்டார்.

“என்ன சொல்தா, நீங்க ஒரு பெட்டியும் நகத்த மாட்டேங்கிறீங்க? தளபதி உத்தரவு வரலியா?”

“நீங்க நகத்துங்க சார். உங்களுக்கு நல்லா வருது” என்றார். எல்லோரும் சிரித்தோம். அவரும் சிரித்தார்.

நான் மட்டும் அவர் சொன்னதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வந்தேன். அவர் துப்பாக்கியைப் பற்றிப் பேசியதே இல்லை என்பதை முதலில் கவனித்தேன். எந்தக் காவலரணைக் காத்தார், அது எந்த நாள் விழுந்தது என்று கேட்டால் வேறு எங்கோ போய்விடுவார். ஆறு மட்டும் எல்லாக் கதையிலும் வந்தது. அப்போதுதான் புதுச்சேரியிலிருந்து ஓர் ஆங்கில நூல் இரவலாகக் கிடைத்தது. முற்றுகையின் நடுவில் தங்கள் இடத்தை விட்டுவிட்டு, ஆற்றங்கரை மண்ணில் வளை தோண்டிப் பதுங்கிக்கொண்ட படைவீரர்களைப் பற்றி அதில் எழுதியிருந்தது. இரவில் வெளியே வந்து விழுந்த பெட்டிகளைத் திருடித் தின்று உயிர் வாழ்ந்தார்களாம். மற்றவர்கள் அவர்களை எலிகள் என்று அழைத்தார்களாம். படித்ததும் எழுந்து போய் நோட்டை எடுத்து வந்தேன். இரக்கத்தால் இல்லை. கண்டுபிடித்துவிட்டேன் என்ற சந்தோஷத்தால்.

தனியாகக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். கேட்காமலே இருந்திருக்கலாம். நான் ஞாயிற்றுக்கிழமைக்காகக் காத்திருந்தேன். வக்கீலின் நண்பர்கள் இரண்டு பேர் வேடிக்கை பார்க்க வந்திருந்தார்கள். அது எனக்கு இன்னும் வசதியாகப் போயிற்று. நூலிலிருந்து அந்தப் பக்கத்தைப் படித்துத் தமிழில் சொன்னேன். நோட்டைப் பிரித்து அவர் சொன்னவற்றை ஒவ்வொன்றாக அடுக்கினேன். கடைசியில் ஒரு தீக்குச்சியை எடுத்து நீல நூலின் ஓரத்தில், மணலுக்குள் பாதி புதைத்து வைத்தேன்.

“சொல்தா, உங்க இடம் இதுதானே?”

மறுப்பார் என்றுதான் நினைத்தேன். மறுத்தால் எதிர்க்கேள்விகள் தயாராக இருந்தன. அவர் தீக்குச்சியைப் பார்த்தார்.

“ஆமாங்க சார். அங்கதான் இருந்தேன்” என்றார். பிறகு, “அன்னிக்கு மழைங்க…” என்று ஏதோ தொடங்கினார்.

“அட, நம்ம சொல்தா எலிப்படையா!” என்றார் மருந்துக்கடைக்காரர். “இத்தனை நாளா நான் கடைல எலிமருந்து வச்சுக்கிட்டு உங்களுக்கு வேர்க்கடலை குடுத்திருக்கேனே!”

அறையே சிரித்தது. நானும் சிரித்தேன். மழையைப் பற்றி அவர் சொல்ல வந்ததை யாரும் கேட்கவில்லை. அவர் எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு, “வரேங்க” என்று எல்லோருக்கும் சொல்லிவிட்டுத்தான் இறங்கினார்.

மருந்துக்கடையில் பேசுவது ஊருக்கே பேசுவது மாதிரி. ஒரு மாதத்துக்குள் ஜூலை வந்தது. ஊர்வலம் கிளம்பும் இடத்தில் கூட்டத்திலிருந்து யாரோ “எலி வருது, வழி விடுங்க” என்றார்களாம். அவர் கொடியைப் பக்கத்தில் இருந்தவர் கையில் கொடுத்துவிட்டு வீட்டுக்குத் திரும்பிவிட்டாராம். அவருக்கு வந்த பென்ஷனை என் வார்த்தை தொட்டிருக்க முடியாது. அவர் ஊருக்குள் நிமிர்ந்து நடந்ததைத்தான் தொட்டது. இதைக் கேள்விப்பட்டபோது வருத்தமாக இருந்தது என்று எழுத ஆசைதான். உண்மையில், வரலாறு கசப்பாகத்தான் இருக்கும் என்று வகுப்பில் சொல்வதையே எனக்கும் சொல்லிக்கொண்டேன்.

ஐப்பசி மழை தொடங்கிய பிறகு ஒரு வியாழக்கிழமை காலையில் அவர் மனைவி என் வீட்டுக்கு வந்தார். முந்தானையால் தலையை மூடியிருந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

“தம்பி, அவரு கொல்லைல குழி தோண்டிக்கிட்டிருக்காருங்க.”

குப்பைக் குழி என்று நினைத்தேன்.

“ஆடி மாசத்திலேருந்து தோண்டுறாரு. ஆத்தங்கரைச் சரிவுல. இப்ப ஆள் படுக்கிற அளவுக்கு ஆயிடுச்சு. பகல் பூரா அதுக்குள்ளதான். சோத்தக் குடுத்தாக்கூட நான் போனப்புறம்தான் எடுக்குறாரு. மழைல மண்ணு ஊறிக் கெடக்கு தம்பி. எனக்குப் பயமா இருக்கு.”

பிறகு அந்த அம்மாள் சொன்னதை நான் அதற்கு முன் கேட்டதில்லை. அந்த முற்றுகையில், விடாத மழையில் ஒரு பதுங்குகுழி இடிந்து விழுந்ததாம். உள்ளே இருந்தவர்களில் இவர் மட்டும்தான் வெளியே வந்தாராம். மற்றவர்களின் குரல் மண்ணுக்குள்ளிருந்து ரொம்ப நேரம் கேட்டதாம். தோண்டத் தோண்ட மண் சரிந்ததாம். அதற்குப் பிறகு யார் உத்தரவு போட்டும் அவருக்குக் கால் வரவில்லை, ஆற்றங்கரைக்குப் போய்விட்டார்.

“கல்யாணம் ஆன புதுசுல என்கிட்ட ஒரு தடவ சொன்னாரு. அதுக்கப்புறம் உங்ககிட்டதான் சொல்ல வந்திருக்காரு” என்றார் அந்த அம்மாள்.

இவ்வளவையும் கேட்டேன். ஆனாலும் நான் சொன்னது இதுதான்: “புத்தகத்துல இருக்கறத நான் பொய்யின்னு சொல்ல முடியாதுங்களே.”

“பொய் சொல்ல வேணாம் தம்பி. வந்து, மேல வாங்கன்னு ஒரு வார்த்தை கூப்பிடுங்க. நான் கூப்பிட்டா வர மாட்டேங்கிறாரு. நீங்கதான அவர அங்க எறக்கி விட்டீங்க.”

அவர் குரலில் கோபம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு வருகிறேன் என்றேன். அன்றே போயிருக்கலாம். கல்லூரி இருந்தது, மறுநாளும் இருந்தது. சனிக்கிழமை என்ன இருந்தது என்று எனக்கு நினைவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் வக்கீல், நாகப்பட்டினத்திலிருந்து ஓய்வுபெற்ற ராணுவ மேஜர் ஒருவரை அழைத்து வந்திருந்தார். அப்படி ஒருவர் எங்கள் மாடிக்கு வந்ததே இல்லை. பேச்சு சூடு பிடித்துவிட்டது. முற்றுகையில் சிக்கிய ஊருக்கு உதவிப்படை தாமதமாகப் போய்ச் சேர்ந்தால் குற்றம் தளபதியுடையதா, பாதையுடையதா என்பதுதான் வாதம். குற்றம் தளபதியுடையது என்பது என் கட்சி. வருகிறேன் என்று செய்தி அனுப்பியவன் எப்படியும் போய்ச் சேர வேண்டும் என்று பேசினேன். நன்றாகப் பேசினேன். மேஜர் தலையாட்டினார். நாலு மணி அடித்தது காதில் விழுந்தது. இந்த ஒன்றை முடித்துவிட்டுக் கிளம்பலாம் என்று நினைத்தேன். வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. ஓட்டின் மேல் மழை விழுகிற சத்தத்தில் குரலை உயர்த்திப் பேச வேண்டியிருந்தது. மணி ஐந்து அடித்ததும் கேட்டது. மேஜரை பஸ் ஏற்றிவிட்டுத்தான் போக முடிந்தது.

நான் போய்ச் சேர்ந்தபோது ஆறரை. கொல்லையில் பத்துப் பதினைந்து பேர் அரிக்கேன் விளக்குகளோடு நின்றார்கள். கரைச் சரிவு அப்படியே ஆற்றுப் பக்கம் வழுக்கிப் போயிருந்தது. மீன்பிடிக்கிறவர்கள் நாலைந்து பேர் மண்வெட்டியோடு இறங்கியிருந்தார்கள். ஒருவர் தோண்டுவதை நிறுத்திவிட்டுக் கையால் மண்ணை விலக்கத் தொடங்கியதைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. அவரைத் தூக்கி வந்து போட்டபோது பட்டாளத்துக் கோட்டு போட்டிருந்தார். மண்ணுக்குள்ளிருந்து பதக்கங்கள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன.

மனைவி என்னைப் பார்த்தார். மழையில் நனைந்துகொண்டு, வந்த விருந்தாளியிடம் தகவல் சொல்வதைப் போலச் சொன்னார்.

“இன்னிக்குக் காலைலேருந்து மேலதான் இருந்தாரு தம்பி. வாத்தியாரு வர்றாங்கன்னு சொன்னேன். சவரம் பண்ணிக்கிட்டாரு. கோட்ட எடுக்கச் சொன்னாரு. மூணு மணிக்கே வாசல்ல நாற்காலி போட்டு உக்காந்துட்டாரு. அஞ்சரை வரைக்கும் பாத்தாரு. மழை வலுத்திச்சு. ‘இனிமே யாரும் வர மாட்டாங்க’ன்னு சொல்லிட்டு எந்திரிச்சுப் போய் எறங்கிட்டாரு.”

அதற்குப் பிறகு பல ஆண்டுகள் அந்த அம்மாள் இருந்தார். தெருவில் பார்த்தால் என் பிள்ளைகளை விசாரிப்பார். நாங்கள் மூவரும் மறுபடி கூடவில்லை. மருந்துக்கடைக்காரர் இறந்துவிட்டார், வக்கீல் ஊரை விட்டுப் போய்விட்டார். எனக்கு எண்பது வயது தாண்டிவிட்டது. அந்த முற்றுகையைப் பற்றி அதன் பிறகு எத்தனையோ நூல்கள் வந்தன. ஆற்றங்கரையில் பதுங்கியவர்கள் எல்லோரும் கோழைகள் அல்ல, மனம் உடைந்தவர்களும் இருந்தார்கள் என்று இப்போது எழுதுகிறார்கள். அதைத் தெரிந்துகொள்ள எனக்கு நூல் தேவைப்பட்டிருக்கக் கூடாது. ஆள் எதிரிலேயே உட்கார்ந்து, “அன்னிக்கு மழைங்க” என்று தொடங்கினார்.

சாயங்காலம் அவர் வாசலில் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் நான் எங்கே இருந்தேன் என்று அந்த அம்மாள் ஒரு நாளும் கேட்கவில்லை. ஏதோ தவிர்க்க முடியாத வேலை என்று நினைத்திருப்பார். வேலை எதுவும் இல்லை அம்மா. நடந்தால் பத்து நிமிஷத் தூரத்தில் மாடியில் உட்கார்ந்து, தாமதமாக வந்த ஒரு தளபதியைக் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேன்.