குணமாகும் இல்லை, குணமாகட்டும்

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு ஸலாம் சொன்னவன் நான். ஆனால் மாத்தளை வாசனைத் திரவியத் தோட்டக்காரர்களில் ஸ்பானிஷ் பேசி எண்ணெய் விற்கிற முதலாளி என்னைத் தவிர யார் இருக்கிறார்? தோட்டம் பார்க்க வந்த சுற்றுலாக்காரர்கள் வாயைப் பார்த்தே கற்றுக்கொண்டேன். இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகள் கவனமாக வாசிக்கவும்.

ஸ்பெயின் ஆட்களைக் கூட்டி வருகிற கைட் நிரோஷன், இரத்தோட்டைக்காரன். ஒரு நாள் ஆட்களை பஸ்ஸில் ஏற்றிவிட்டுத் திரும்பி வந்தான்.

"மொதலாளி, முழங்கால் எண்ணெய்க்கு 'கூரா'ன்னு சொன்னீங்களாமே? கட்டாயம் குணமாக்கும்னு அர்த்தம். ஒரு அம்மா ஊருக்குப் போய் டூர் கம்பெனிக்குக் குறை சொல்லிட்டாங்க. இன்னொரு தடவை சொன்னா பஸ் பக்கத்துத் தோட்டத்துக்குப் போயிரும்."

"வேற என்னடா சொல்ல? குணமாகாதுன்னா?"

"குணமாகணும்னு ஆசைப்படுறேன்னு சொல்லுங்க. அப்ப 'கூரே'ன்னு மாறிரும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான்கு மொழியில் வியாபாரம் செய்தவன் நான். எந்த மொழியும் என்னிடம் இப்படி வாலாட்டியதில்லை. அவர் வருகிறார் என்றால் 'பியெனே'. அவர் வர வேண்டும் என்று நான் ஆசைப்பட்டால் 'பெங்கா'. ஆசைப்படுவது நான், மாறுவது அவருடைய வினையா? "அடுத்த முறை வரும்போது" என்பதற்கும் 'பெங்கா'தானாம். ஏன் என்று கேட்டால், "அவர்தான் இன்னும் வரலையே, மொதலாளி" என்கிறான். பட்டை சீவுகிற பெண்கள் கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்கள்.

கடைசியில் 'ஓஹலா' என்று ஒன்று சொல்லித் தந்தான். அரபியிலிருந்து போன சொல்லாம். நம்முடைய இன்ஷா அல்லாஹ் மாதிரி. அதன் பின்னால் வினை மாறியே ஆக வேண்டும்.

"இத மொதல்லயே சொல்லித் தொலைக்க என்னடா?"

அடுத்த பஸ்ஸில் ஒரு வயதான பெண்மணி. கணவரால் இறங்க முடியவில்லை. பஸ் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அம்மா எண்ணெய்ப் போத்தலைக் கையில் எடுத்து, "இதைத் தேய்த்தால் அவர் நடப்பாரா?" என்று கேட்டார்.

நடப்பார் என்கிற 'காமினா' என் நாக்கு நுனியில் நின்றது. சந்தேகமாகப் பேசுகிற கடைக்காரனிடம் யார் வாங்குவார்? நிரோஷன் என் வாயையே பார்த்தான். நான் அந்தக் கண்ணாடியைப் பார்த்தேன்.

"ஓஹலா காமினே," என்றேன். நடக்கட்டும், இறைவன் நாடினால்.

"ஓஹலா," என்றார் அந்த அம்மாவும். போத்தலை வாங்கிக்கொண்டு போய்க் கணவரின் மடியில் வைத்தார்.

பஸ் இன்றும் என் தோட்டத்து கேட்டுக்குத்தான் வருகிறது. பிள்ளைகளே, எண்ணெயை விற்கலாம், குணத்தை விற்க முடியாது. இதைச் சொல்ல ஒரு வினைச்சொல்லை இத்தனை பாடு படுத்த வேண்டுமா என்று ஸ்பெயின்காரரிடம் யாராவது கேட்டுச் சொல்லுங்கள்.