குனிந்த தலை

1930களின் தொடக்கத்தில், துறவு எனக்கு ஒத்துவராது என்று கத்தோலிக்கக் குருமடத்தை விட்டு வெளியேறினேன். பெண்களின் முகத்தைப் பார்க்காமலே அங்கு வளர்ந்தவன் நான்.

பேராதனை ரயில் நிலையத்தில் அப்பாவுக்காகக் காத்திருந்தபோது, சேலை கட்டிய ஒருத்தி பக்கத்தில் வந்து நின்றாள். தரையைப் பார்த்தபடியே, "தள்ளிப் போம்மா! இங்க நிக்காத" என்று சீறினேன்.

சேறு படிந்த வெறுங்கால்கள் பின்வாங்கின.

"அப்பாவுக்குக் காய்ச்சல். அதான் தோட்டத்திலேருந்து நான் வந்தேன். கிட்ட வரக் கூடாதுன்னு தெரியாதுங்க, சாமி."

தெரிந்த குரல். என் அக்கா.

"நான் சாமி இல்லக்கா, உன் தம்பி" என்றேன். தலையாட்டினாள். ஆனாலும் தோட்டம் இருந்த தெல்தோட்டைக்குப் போகும் வழியெல்லாம் விலகியே வந்தாள். வெட்கத்தோடு அவள் முகத்தைத் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். இப்போது அவள் தலைதான் குனிந்திருந்தது.