கண்டக்டர் அண்ணனுக்கு எழுதாத கடிதம்

செவ்வாய்க்கிழமை மதியங்களில் தாம்பரம் பஸ் நிலையத்தில் கண்டக்டர் அண்ணன் ஒரு துணிப்பையை என்னிடம் இறக்கித் தருவார். உள்ளே நான்கு பாட்டில் பாலாற்றுத் தண்ணீர். "இன்னாம்மா, ஊர்ல அவனவன் நல்ல தண்ணிக்கு அலையுறான், நீ அழுக்குத் தண்ணிக்குக் காத்துகினு கீற" என்று கிண்டல் செய்யாமல் ஒருநாளும் விட்டதில்லை.

மூன்று மாநிலங்களில் ஓடும் அந்த ஆற்றைக் காக்கும் புதிய யோசனைகளுக்குத் துணைநிற்கும் சிறிய அமைப்பு ஒன்றில் அப்போது வேலை பார்த்தேன். ஆந்திரப் பக்கத்துத் தண்ணீரை எடுத்த அன்றே பரிசோதித்தால்தான் ஆறு எங்கே கெடுகிறது என்று தெரியும். குப்பத்திலிருந்து வரும் பஸ்ஸிலேயே கொண்டுவரலாம் என்ற யோசனை என்னுடையதுதான். அங்கே ஓர் ஆசிரியர் ஏற்றிவிடுவார், இங்கே நான் வாங்கிக்கொள்வேன். ஊரப்பாக்கத்துக்காரரான அண்ணன் ஒரு டீகூட வாங்கிக் குடிக்காமல் ஒன்றரை வருஷம் சுமந்தார்.

ஒருநாள் வழியில் டிக்கெட் பரிசோதகர்கள் ஏறினார்கள். பதிவில்லாத சரக்கு, அதுவும் மாநில எல்லை தாண்டி வந்த பாட்டில்கள். சாராயமோ என்று முகர்ந்துகூடப் பார்த்தார்களாம். மெமோவோடு எங்கள் அலுவலகத்துக்கு வந்த அண்ணன் நாற்காலி நுனியில் உட்கார்ந்துகொண்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "ஒரு லெட்டர் குடும்மா. ஆத்துத் தண்ணிதான், டெஸ்ட் பண்றதுக்குன்னு. அது போதும்."

அனுமதியில்லாமல் அரசுப் பஸ்ஸைப் பயன்படுத்தினோம் என்று நாமே எழுதிக் கொடுப்பதா, கொஞ்சம் பொறு என்றார் மேலாளர். பொறுத்தேன். பொறுத்தார் பூமியாள்வார் என்பார்கள். ஆனால் விசாரணை நாள் எனக்காகப் பொறுக்கவில்லை. வாரம் ஒருமுறைதான் வீட்டுக்கு வர முடிகிற தூரத்து டிப்போவுக்கு அவரை மாற்றிவிட்டார்கள். அடுத்த செவ்வாயன்று எனக்கு முதலில் உறைத்தது பாட்டில் வரவில்லையே என்பதுதான். இதைச் சொல்ல இன்றும் கூசுகிறது. பிறகு ஒரு கூட்டத்தில், எல்லைக்கு அந்தப் பக்கத்துத் தண்ணீரை எப்படிப் பெற்றீர்கள் என்று வியந்து கேட்டார்கள். உள்ளூர் மக்களின் ஒத்துழைப்பு என்றேன். கைதட்டினார்கள்.

போன மாதம் ஊரப்பாக்கம் ரயில் நிலையத்தில் அண்ணனே என்னை அடையாளம் கண்டு கூப்பிட்டார். என் அம்மாவின் மூட்டுவலியைக்கூட ஞாபகமாக விசாரித்தார். கோபம் துளியும் இல்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்த லெட்டரை இப்போதாவது எழுதித் தரட்டுமா என்று வாய்தவறிக் கேட்டுவிட்டேன்.

"ரிட்டயர் ஆயிட்டேம்மா" என்றார். "இனிமே அத யாராண்ட குடுக்கறது?"