மழைமானிக்குத் தண்ணீர் ஊற்றும் ஜீவராணி

வானம் பளிச்சென்று வெளுத்திருக்க, ஜீவராணி மழைமானிக்குள் செம்பால் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறாள். ஒரேயடியாகக் கவிழ்ப்பதில்லை, பெருமழை விழுகிற வேகத்துக்குக் கை நடுங்காமல் விடுகிறாள். கொழுந்துக் கூடையோடு ஏறிப்போகும் பெண்களுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"லயத்துல குடிக்கத் தண்ணி இல்ல, இவ குழாய்க்கு ஊத்துறா பாரு!"

"சிரிங்கடி, நல்லா சிரிங்க. ஃபோன் அடிக்குதான்னு மட்டும் சொல்லுங்க" என்கிறாள், செம்பிலிருந்து கண்ணை எடுக்காமல்.

பூண்டுலோயாவுக்கு மேலே உள்ள தோட்டத்தில், ஒரு காலத்தில் தாய்மார் குழந்தைகளை விட்டுப்போன பிள்ளைக்காம்பராதான் இப்போது அவளுடைய அலுவலகம். மழைமானி அனுப்பும் அளவெல்லாம் அங்குள்ள கணினியின் தரவுத்தளத்தில் சேரும். அளவு மிஞ்சினால், சரிவுக்குக் கீழே, தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தில் அத்தனை ஃபோனும் அலறும். போன மழைக்காலத்தில் அந்தச் சரிவு இடிந்து வந்து லயத்தின் கடைசிக் காம்பராவை மூடிவிட்டது. வீட்டுக்காரர்கள் கோயிலுக்குப் போயிருந்ததால் பிழைத்தார்கள். அதற்கு அடுத்த காம்பராவில் காளியாயி இன்னும் இருக்கிறாள். மாற்று வீடு வருகிறது, வருகிறது என்கிறார்கள், வந்தபாடில்லை. "அந்தப் புள்ள தண்ணி ஊத்தி, எம் ஃபோனு அடிச்சாத்தான் நான் நிம்மதியா கண்ண மூடுவேன்" என்பாள் காளியாயி.

இதையெல்லாம் கூடவே இருந்து பார்க்கிறவர் ஜூலியன் சேர். தோட்டப் பள்ளிக்கூடத்து ஆசிரியர், மண்சரிவு எச்சரிக்கைக் குழுவின் செயலாளர். ஜீவராணியைக் கண்டால் அவருக்கு வியப்பும் உண்டு, எரிச்சலும் உண்டு. மென்பொருளுக்குப் புதிய பதிப்பு வந்தால் ஊர் உலகம் 'ஓகே' அமுக்கிவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போகும். இவளோ திரையில் வரும் ஒவ்வொரு கேள்வியையும் வாய்விட்டுப் படித்து, அதோடு வாக்குவாதம் பண்ணுவாள்.

"பழைய அமைப்ப வச்சுக்கவா, புதுச போடவான்னா கேக்குற? எங்க மலைய நீ கண்டியா? பழசே இருக்கட்டும்."

"அது மெஷின், ஜீவராணி. சண்டைக்கா வரப்போகுது?"

"சண்டைக்கு வந்தாப் பரவால்லைங்க சேர். சத்தமில்லாம மாத்திப்புடும், அதான் பயம்."

சென்ற வாரம் அப்படியொரு புதிய பதிப்பு ஏறிக்கொண்டிருந்தது. நடுவில், 'தரவுத்தளத்தை நானே அமைத்துத் தரவா?' என்று ஒரு கேள்வி வந்து நின்றது. எந்தத் தரவுத்தளத்தைப் பார்ப்பது, எந்த அளவில் அலறுவது என்றெல்லாம் எழுதிய பழைய அமைப்பின் பிரதியை ஜீவராணி வீட்டில் பத்திரமாக வைத்திருந்தாள். அதை எடுத்துவர ஓடினாள். கொத்மலைப் பக்கம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. மழைக்கு முன்னால் முடியட்டுமே, உதவியாக இருக்குமே என்று ஜூலியன் சேர் 'ஆம்' அமுக்கினார். மளமளவென்று வேலை முடிந்தது. திரை முழுக்கப் பச்சை. மனுஷருக்குப் பெருமை பிடிபடவில்லை.

"முடிஞ்சிருச்சு!" என்றார் அவள் வந்ததும்.

அவள் பச்சையைப் பார்த்தாள். செம்பை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். ஊற்றினாள், ஊற்றினாள், ஊற்றிக்கொண்டே இருந்தாள். கீழே ஒரு ஃபோன்கூட அடிக்கவில்லை. திரை, 'மழை இல்லை' என்றது.

ஜீவராணி உள்ளே வந்து காரணத்தைத் தேடிக் காட்டினாள். மென்பொருள் தானாகவே ஒரு வெறும் தரவுத்தளத்தை உண்டாக்கி, அதையே பார்த்துக்கொண்டிருந்தது. மழைமானியின் அளவோ பழையதில் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தது. மலையே இடிந்து விழுந்தாலும் அந்தப் பச்சை மாறியிருக்காது, காளியாயியும் தூங்கிக்கொண்டே இருந்திருப்பாள்.

"நான்தான் அமுக்கிட்டேன்" என்றார் ஜூலியன் சேர்.

"அது அப்படித்தாங்க சேர், ரொம்ப மரியாதையாக் கேக்கும்."

அவ்வளவுதான். திட்டவில்லை, முகம் சுளிக்கவில்லை. பழைய பிரதியைத் திறந்து, புதியதோடு வரிவரியாக ஒப்பிட்டுத் திருத்தினாள். கூரைத் தகரத்தில் முதல் தூறல் விழுந்தது. ஜூலியன் சேர் மாதாவைக் கூப்பிட்டுக்கொண்டு நின்றார். இவள் விரலில் ஓர் அவசரமும் இல்லை. அம்மாடி, என்ன நிதானம்! அவருக்கு மெய்சிலிர்த்தது.

கடைசி வரியைத் திருத்தி, மென்பொருளை ஓட விட்டாள். மறுபடி தண்ணீர் ஊற்ற வேண்டியிருக்கவில்லை. முன்பு ஊற்றியதெல்லாம் பழைய தரவுத்தளத்தில் பதிவாகி இருந்தது. மென்பொருள் அதைக் கண்டதும் லயம் முழுக்க ஃபோன்கள் ஒன்றாக அலறின.

முதலில் வெளியே வந்தது காளியாயிதான். துணிப்பையைத் தோளில் போட்டாள், கதவைச் சாத்தினாள், ஆபத்தென்றால் எல்லோரும் போய்ச் சேர வேண்டிய பள்ளிக்கூட மேட்டுக்கு ஏறத் தொடங்கினாள்.

"அக்கா! சும்மா சோதிச்சுப் பாத்தது..." என்று ஜூலியன் சேர் குரல் கொடுக்கப் போனார்.

"கூப்பிடாதீங்க சேர். ஃபோன் அடிச்சா ஏறணும்னு பழகட்டும்."

ஜீவராணி குடைகூட எடுக்காமல் தூறலில் இறங்கிப் போனாள். மூச்சு வாங்க ஏறிவந்த காளியாயியின் தோளிலிருந்து பையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டு, அவளோடு மேட்டை நோக்கி நடந்தாள்.