பரமேஸ்வரனின் நூறு சதவீதம்

பரமேஸ்வரனுக்குத் தெரியாத விஷயம் உலகத்தில் கிடையாது. மலேசியாவில் கிள்ளான் பக்கம் போய் அவரைக் கேட்டுப் பாருங்கள், அவரே சொல்லுவார். கேட்காவிட்டாலும் சொல்லுவார். துறைமுகக் கிடங்கில் சாமான் எண்ணிக்கொண்டிருந்து ஓய்வு பெற்றவர், என்னவோ கப்பலையே ஓட்டியவர் மாதிரிப் பேசுவார். கார் பழுது பார்ப்பவனுக்குக் காரைப் பற்றிச் சொல்லிக் கொடுப்பார், டாக்டருக்கு மருந்தைப் பற்றிச் சொல்லிக் கொடுப்பார். எல்லாம் தெரிந்த ஏகாம்பரம்! அந்த ஞானத்தின் ஆழம், முப்பது வருஷம் குடும்பம் நடத்திய சீதாலெட்சுமிக்கு மட்டும்தான் தெரியும். இறங்கினால் கணுக்கால் நனையாது. ஆனால் அவள் வாயைத் திறந்ததில்லை.

மகள் விஷ்ணுப்ரியா காலேஜில் சேர்ந்தபோது ஒரு லேப்டாப் வாங்கினார்கள். அந்த வருஷத்துச் சரஸ்வதி பூஜைக்கு அதற்குத் திருநீறும் குங்குமமும் வைத்து, புத்தகங்களோடு சாமி அறையில் படைத்தார் பரமேஸ்வரன். அதுவரைக்கும் சரி, எல்லா வீட்டிலும் செய்வதுதான். மறுநாள் எல்லோரும் அவரவர் சாமானை எடுத்துக்கொண்டார்கள். இவர் மட்டும் லேப்டாப்புக்கு இனி அதுதான் இடம் என்று சட்டம் போட்டுவிட்டார். மகள் படிக்க எடுக்கலாம், படித்து முடித்ததும் திரும்ப வைத்துவிட வேண்டும். ஜன்னல் இல்லாத அறை. பக்கத்திலேயே விளக்கு எரியும். அந்தச் சூட்டில், சார்ஜரைச் செருகியபடியே அது இரவும் பகலும் கிடந்தது.

"சாமி ரூம்ல நிறைகுடம்தான் வைப்பாங்க. பேட்டரியும் எப்பவும் நூறுல நிக்கணும்லா," என்றார்.

விஷ்ணுப்ரியா தலையால் தண்ணி குடித்துப் பார்த்தாள். பேட்டரி என்றால் வயசாகத்தான் செய்யும், ஆனால் எந்நேரமும் முழுசாகச் சார்ஜ் ஏற்றிச் சூட்டில் வைத்தால் சீக்கிரமே கிழடு தட்டிவிடும் என்றாள். எண்பதோடு நிறுத்தினால் போதும் என்றாள். போன வருஷம் லேப்டாப்பிலேயே ஒரு கணக்கை எடுத்து அம்மாவிடம் காட்டினாள். புதுசில் பிடித்த மின்சாரத்தில் கால்வாசியைக்கூட இப்போது பேட்டரி பிடிக்கவில்லை. அப்புறம் எப்படி நூறு என்று காட்டுகிறது என்று சீதாலெட்சுமி கேட்டாள். மிச்சம் இருக்கிற கொள்ளளவு நிறைந்தால் அதுதான் அதற்கு நூறு, பழைய கொள்ளளவையா அது நினைத்துக்கொண்டிருக்கிறது என்றாள் மகள். சீதாலெட்சுமிக்கு உடனே புரிந்தது. பரமேஸ்வரனுக்குப் புரியவில்லை. நூறு என்றால் நூறுதான், எனக்கே கணக்கா என்றார். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

இந்த வருஷம் பினாங்கில் ஒரு கம்பெனியிலிருந்து மகளை வீடியோவில் நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள். மகளைவிட அம்மாதான் அதற்குத் தவம் கிடந்தாள். பெண்ணாவது இந்த வீட்டை விட்டு, இந்த மனுஷனின் உபதேசம் கேட்காத ஊரில் போய்ப் பிழைக்கட்டும் என்ற ஒரே ஆசை அவளுக்கு.

மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. விஷ்ணுப்ரியா சார்ஜரைச் செருகி, நெட்டுக்குப் போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நன்றாகத்தான் பேசிக்கொண்டிருந்தாள். ஓர் இடி இடித்தது. பரமேஸ்வரன் பாய்ந்து வந்தார். இடி இடித்தால் வீட்டில் ஒரு ப்ளக் சுவரில் இருக்கக்கூடாது என்பது அவருடைய இன்னொரு சட்டம். டிவியைப் பிடுங்கினார், ஃபேனைப் பிடுங்கினார், மகள் கையை ஆட்டி வேண்டாம் வேண்டாம் என்று கெஞ்ச, லேப்டாப்பையும் பிடுங்கினார். நூறு இருக்கிறது, நாலு மணி நேரம் தாங்கும் என்று பெருமையோடு வேறு சொன்னார். திரையில் நேர்காணல் எடுத்துக்கொண்டிருந்த அம்மா அடுத்த கேள்வியைக் கேட்டு முடிப்பதற்குள் எண்பது, ஐம்பது என்று சரிந்து திரை இருண்டுபோனது. விஷ்ணுப்ரியா மறுபடி செருகி, அது உயிர் பெற்று வந்து பார்த்தால், அங்கே ஆள் இல்லை. அவர்கள் திரும்பக் கூப்பிடவும் இல்லை.

அவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பரமேஸ்வரன் கொஞ்ச நேரம் லேப்டாப்பைத் தட்டிப் பார்த்தார். சைனா சாமான், வேறென்ன என்றார். பிறகு ஹாலில் காலை நீட்டி உட்கார்ந்து, சாலாக் செலாத்தானில் இருக்கும் தன் அக்காவுக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில்தான் போடுவார், தான் பேசுவது நாலு வீட்டுக்குக் கேட்க வேண்டுமே. நேர்காணல் நடந்தது என்றார். நம்ம பிள்ளைதான் பதில் தெரியாமல் தடுமாறிவிட்டது, தைரியம் பத்தாது, என்னிடம் கேட்டுவிட்டு உட்கார்ந்திருக்கலாம் என்றார். கொஞ்சமாவது கூச்சம் வேண்டாமா மனுஷனுக்கு!

சமையலறையில் சீதாலெட்சுமி இதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். கையைத் துடைத்துக்கொண்டு வந்து, அவர் கையிலிருந்த போனை வாங்கினாள்.

"அண்ணி, பிள்ள தடுமாறல. இடிக்குப் பயந்து உங்க தம்பிதான் லேப்டாப் ப்ளக்கப் புடுங்கிட்டாரு. மேல நூறுன்னு காட்டுது, உள்ள ஒண்ணும் இல்ல. எனக்கு முப்பது வருஷமா பழக்கம்தான் அண்ணி. பாவம், அவ வேலைதான் போச்சு."

அந்தப் பக்கம் அக்கா சிரிக்க ஆரம்பித்தார். தம்பியைச் சின்ன வயசிலிருந்து பார்த்தவர், அடக்க முடியாமல் சிரித்தார். ஸ்பீக்கரில் அது வீடு முழுக்கக் கேட்டது.